கல்லுல சிவப்பா என் பேரு

வேணாம் மேஸ்திரி, அந்தச் சிவப்பு டப்பாவ மூடி வைங்க. சாயம் புதுப்பிக்கணுமான்னு நீங்க கேட்டீங்க, நான் பாட்டுக்குத் தலைய ஆட்டிட்டேன். மேடு ஏறி வந்ததுல மூச்சு வாங்குது, பேச வரல, அதான். நான் பூசறதுக்கு வரல. இந்தக் கல்லறைக் கல்லுலேர்ந்து ஒரு பேர எடுக்கணும். எங்க வீட்டுக்காரரு பேரு கருப்புல இருக்குல்ல, லூ கென்ஃபான்னு, அதுக்குப் பக்கத்துல சிவப்பா தோங் யாஜுவான்னு இருக்கு பாருங்க. அதத்தான் சொல்றேன்.

யாரு பேரா? என் பேருதான். நான்தான் தோங் யாஜுவான். அடையாள அட்டை பையிலதான் இருக்கு, வேணும்னா எடுத்துக் காட்டறேன். அடுத்தவ பேர அழிக்க வந்தவ மாதிரி என்னைப் பாக்காதீங்க.

கொஞ்சம் உக்காருங்களேன். உளி எங்கயும் ஓடிப் போயிராது. நாளைக்கு சிங்மிங், ஊரே செத்தவங்களப் பாக்க மூட்டையத் தூக்கிட்டு ஏறி வந்துரும், உங்களுக்கு நிமிந்து பாக்க நேரம் இருக்காது. இன்னிக்கு நீங்களும் நானும்தான். இந்தாங்க, பச்சைக் கொழுக்கட்டை. நானே இலை அரைச்சுப் புடிச்சது, உள்ள எள்ளும் சக்கரையும். படைக்கக் கொண்டாந்ததுதான், பரவாயில்ல, அவருக்கு இப்ப பசி ஒண்ணும் இல்ல. நீங்க சாப்பிடுங்க.

ம்? மறுகல்யாணமா? எனக்கா? நல்லாச் சிரிப்பு மூட்றீங்க. இந்தப் பல்செட்டப் பாத்து எவன் வருவான். அதெல்லாம் இல்ல. வேற ஆளு கிடையாது, வேற வீடு கிடையாது. பையனோட சண்டையும் இல்ல. அவன் நிங்போ துறைமுகத்துல வேலையா இருக்கான், மாசம் தவறாம வந்து பாக்கறான், மருமக எனக்கு மூட்டு வலிக்கு ஒட்டற பட்டை எல்லாம் வாங்கித் தர்றா. நாளைக்கு ரெண்டு பேரும் இங்க வருவாங்க. அதுக்குள்ள இது முடியணும்.

அவன் சம்மதம் எதுக்கு மேஸ்திரி? கல்லுக்குக் காசு அவன் குடுத்தான், சரி. பேரு அவனதா? எங்க அப்பா வச்ச பேரு. நான் சொல்றேன், எடுங்க. கேட்டா கெழவி வந்து பிடிவாதம் பிடிச்சான்னு சொல்லிருங்க. அப்ப நீங்க எங்க படுப்பீங்கன்னு அடுத்து கேப்பீங்க, தெரியும். நான் கடல்ல. சாம்பலக் கப்பல்ல கொண்டு போயி நடுக்கடல்ல பூவோட சேத்து விடுறாங்களே, அதுக்குப் பேர் குடுத்துட்டேன். பையனுக்கு இன்னும் சொல்லல.

பயமா? பயம்னு ஒத்த வார்த்தையில சொல்லிற முடியாது. உங்களுக்கு நான் சொல்லணுமா, இருக்குறவங்களுக்குச் சிவப்பு, போனவங்களுக்குக் கருப்பு. புருஷன் முன்னாடி போனா பெண்டாட்டி பேரையும் கூடவே வெட்டி, சிவப்பப் பூசி, எடம் புடிச்சு வைக்கறது. இவளும் வருவா, பின்னாடியே வருவான்னு. ஊருல எல்லாரும் பண்றதுதான். எங்க அம்மா பேரு பல வருஷம் சிவப்பா இருந்துச்சு. அது வருஷா வருஷம் வந்து, தன் பேருக்கு முன்னாடி இருக்குற புல்லத் தானே புடுங்கிட்டு, நல்லாத்தான் எழுதியிருக்கான் இந்த மேஸ்திரின்னு சொல்லிட்டுப் போவும். அதுக்கு ஒண்ணும் ஆகல.

ஆனா கல்லுல தவிர வேற எங்கயாவது உசுரோட இருக்குற ஆளு பேரச் சிவப்புல எழுதிப் பாருங்க, சாவக் கூப்பிடற மாதிரி. நான் மீன டப்பாவுல அடைக்கற கம்பெனியில வேலை பாத்தேன். புதுசா ஒரு சூப்பர்வைசர் வந்தான், படிச்ச பையன். ஞாயித்துக்கிழமை யார் யார் வேலைக்கு வரணும்னு பலகையில எழுதணும், சாக்பீஸ் டப்பாவுல சிவப்பு மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. எழுதிப்புட்டான். உள்ள வந்து பாத்தா வரிசையா எங்க பேரு எல்லாம் சிவப்பா நிக்குது. அத்தனை பொம்பளையும் கத்தியக் கீழ வச்சுட்டு வெளிய போயிட்டோம். ஒருத்தி அவன் மேல மீன் குடலையே வீசிட்டா. அவன் பாவம், சாக்பீஸ் இல்லக்கா, சாக்பீஸ் இல்லக்கான்னு அழறான். தண்ணி ஊத்திப் பலகையக் கழுவினப்புறம்தான் உள்ள போனோம்.

எழுத்துன்னா நமக்கு அப்படித்தானே. எங்க அப்பா எழுத்து இருக்குற காகிதத்தக் குப்பையில போட மாட்டாரு. மீன் மடிச்சு வந்த செய்தித்தாளா இருந்தாலும் காய வச்சு, சேத்து வச்சு, எரிச்சு, சாம்பலக் கடல்ல கரைச்சு விடுவாரு. பேசறது காத்துல போயிரும், எழுதினது உக்காந்திருக்கும், உக்காந்துக்கிட்டு நம்மளப் பாக்கும்னு சொல்வாரு. சின்னப் புள்ளைல அதக் கேட்டுட்டு நான் பாடப் புஸ்தகத்தக் குப்புற வச்சுத்தான் தூங்குவேன்.

என் பையன் ஹைபோவுக்கு இதெல்லாம் இல்ல. வெறும் எழுத்தும்மாங்கறான். அவனுக்கு எழுத்தே மறந்துக்கிட்டு வருது, அது வேற. போன சிங்மிங்குக்குச் செத்தவங்களுக்குக் காகிதப் பணம் எரிக்க, உறை மேல பேர் எழுதணும்ல, பேர் எழுதாம எரிச்சா எவன் கையிலயோ போயிச் சேரும். பேனாவ எடுத்தான், தாத்தா ஊர் பேரு எழுத வரல. அப்படியே நிக்கறான். காலேஜ் படிச்சவன். விரலு காத்துல ஒரு சுத்து சுத்துது, அப்படியே நின்னுருது. அப்புறம் செல்போன எடுத்து, அதுல ஓசையத் தட்டி, வந்ததப் பாத்து வரைஞ்சான். நாம எழுதுவோம், அவன் வரையறான். கண்ணுக்குத் தெரியுது, கைக்குத் தெரியல. வாய் இருக்கு, கை ஊமை.

எங்க வீட்டுக்காரருக்கு நேர் மாறு.

அவரு படகுல எஞ்சின் பாத்தவரு. எங்க தீவுக்கும் நிங்போவுக்கும் ஓடுச்சே, பெரிய வெள்ளைப் படகு, அதுல. கீழ எஞ்சின் ரூமுக்குள்ள போயிருக்கீங்களா? காதுக்குள்ள யாரோ ரம்பம் போடற மாதிரி இருக்கும். கத்தினாலும் கேக்காது. கேட்டாலும் பிரயோஜனம் இல்ல, ஒருத்தன் ஃபூச்சியென்காரன், ஒருத்தன் ஷான்தோங்காரன், நம்மாளு நிங்போ. ஒருத்தன் பேச்சு இன்னொருத்தனுக்குக் கோழி கொக்கரிக்கற மாதிரிதான். என்ன பண்ணுவாங்கன்னா, கையப் புடிச்சு உள்ளங்கையில விரலால எழுதிருவாங்க. எண்ணெய். நெருப்பு. சாப்பாடு. வாயி எந்த ஊரா இருந்தா என்ன, எழுத்து ஒண்ணுதானே. அங்க எண்ணெய்க் கையோட எழுதி எழுதிப் பழகி, அவரு வீட்டுலயும் அப்படித்தான். காதும் பாதி போயிருச்சு. வாயத் திறக்கறதுக்கு முன்னாடி விரல் வந்துரும்.

நான் அவரப் பாத்ததே அப்படித்தான். எங்க வீடு படகுத் துறைக்கு மேல. படகு திரும்பற வரைக்கும் நேரம் இருக்கும், மேல ஏறி வந்து எங்க வாசல்ல உக்காந்து தண்ணி வாங்கிக் குடிப்பாரு. எங்க அக்கா யாலிங், டிக்கெட் குடுக்கற எடத்துல வேலை பாத்தா. அவளும் உக்காந்திருப்பா, நானும் உக்காந்திருப்பேன். வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கைய நீட்டுன்னு சைகை காட்டுவாரு. அக்கா நீட்டுவா. அலைன்னு எழுதுவாரு. அக்கா விழுந்து விழுந்து சிரிப்பா. எனக்கு எதுக்குச் சிரிக்கறான்னே தெரியாது. அப்புறம் என் கையிலயும் எழுதுவாரு. கூச்சமா இருக்கும். நான் கைய இழுத்துக்குவேன்.

அக்கா அந்தக் குளிர்காலமே போயிட்டா. காய்ச்சல்தான். கண்ணு மஞ்சளாப் போச்சு, நிங்போவுக்குக் கொண்டு போறதுக்குள்ள புயல், படகு ஓடல. கல்யாணம் ஆகாத பொண்ணு. கல்யாணம் ஆகாம செத்தவளுக்குப் பொறந்த வீட்டுக் கல்லுல எடம் இல்ல, புகுந்த வீடுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. உங்களுக்குத் தெரியும், இந்த மலையில எத்தன கல்லு வெட்டியிருப்பீங்க, ஒரு கன்னிப் பொண்ணு பேரு வெட்டியிருக்கீங்களா? மலையோரம் மண்ணைத் தோண்டி வச்சாங்க, ஒரு பலகை கூட நடல. அப்புறம் அங்க ரோடு வந்துருச்சு. அவ பேரு எங்கயும் எழுதி இல்ல. அம்மா சாகற வரைக்கும் திருட்டுத்தனமா ஒரு கிண்ணம் சோறு வெளிய வைக்கும், நாய் தின்னுட்டுப் போவும்.

விடுங்க. மறு வருஷம் அவரு எங்க அப்பாகிட்ட வந்து என்னைக் கேட்டாரு. நல்ல மனுஷன், சம்பளம் இருக்கு, குடிக்க மாட்டாரு. நான் சரின்னேன்.

நல்ல மனுஷன்தான். அதுல நான் குறை சொல்ல மாட்டேன். கை நீட்டினது இல்ல, ஒரு சொல்லு அதிகமாச் சொன்னது இல்ல. குறைவாத்தான் சொன்னாரு. காலையில கஞ்சி குடிச்சுட்டுப் போவாரு, சாயங்காலம் எண்ணெய் வாடையோட வருவாரு. நான்தான் பேசுவேன். மீன் கம்பெனிக் கதை, எதுத்த வீட்டுக் கதை. அவரு தலைய ஆட்டுவாரு. கேட்டாரா, கேக்கலையா, எனக்கே தெரியாது. ஊருல எல்லாப் புருஷனும் அப்படித்தானேன்னு நான் நெனைச்சுக்குவேன்.

அப்புறம்தான் அந்த நாளு. குளிக்கற எடத்துல விழுந்தாரு. மூளையில ரத்தம் அடைச்சுருச்சுன்னாங்க. வலது பக்கம் போச்சு, பேச்சு சுத்தமாப் போச்சு. ஆஆன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு இடது கை விரலால போர்வை மேல என்னமோ பண்ணிக்கிட்டே இருப்பாரு. நரம்பு இழுக்குது அத்தேன்னு மருமக விரலப் புடிச்சு அமுக்கி வைப்பா. எனக்குத்தான் பொறி தட்டுச்சு. நான் போயி என் உள்ளங்கைய அந்த விரலுக்கு அடியில வச்சேன். ஜன்னல்னு எழுதினாரு. வெயிலு நேரா மூஞ்சியில அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு, பாவம், யாரும் கவனிக்கல.

அன்னிக்கு நான் அழுதேன் மேஸ்திரி. அவருக்கு ஒண்ணும் ஆகல, உள்ளதான் இருக்காருன்னு.

டாக்டரு பாத்துட்டு சொன்னாரு, பேச்சு ஒரு அறையில இருக்கு, எழுத்து இன்னொரு அறையில, ஒண்ணுல தண்ணி புகுந்தா இன்னொண்ணு தப்பிக்கும்னு. நம்ம எழுத்து கையில ஊறினதும்பாரு, பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஒண்ணு ரெண்டுன்னு சொல்லச் சொல்ல விரலத் தூக்கிக் காத்துல எழுதிப் பழகினோமே, அதெல்லாம் வீணாப் போகாதாம். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா, அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், ஆனா பேப்பரக் காட்டினா ஒரு எழுத்து புரியாது. அதே எழுத்து மேல விரல வச்சுக் கோடு கோடா ஓட்டினா டக்குன்னு படிச்சுரும். கண்ணுக்கு மறந்தது விரலுக்கு ஞாபகம் இருக்கு. நாங்க ரெண்டு குடும்பமும் இதையே பேசிப் பேசி ஆச்சரியப்பட்டோம்.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்புறம், சொன்னா நம்ப மாட்டீங்க, அதுதான் எனக்கு நல்ல காலம். இத்தன வருஷத்துல பேசாததெல்லாம் பேசினாரு. எந்நேரமும் என் கை அவரு விரலுக்கு அடியிலதான். மருமக வச்ச சூப் உப்புன்னு எழுதுவாரு, அவ முன்னாடியே. என்னத்த சொல்றாரு அத்தேம்பா, ரொம்ப நல்லாருக்காம்னு சொல்வேன், அவரு விக்கி விக்கிச் சிரிப்பாரு, பாதி வாயால. கம்பெனியில உன் மேல மீன் வாடை அடிக்கும், எனக்குப் புடிக்கும்னு ஒரு நாள் எழுதினாரு. கெழவனுக்கு வந்த துணிச்சலப் பாருங்க. நான் உள்ளங்கைய மூடிக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டேன். அங்க போயி தொறந்து பாக்கறேன், ஏதோ அங்க எழுதியே இருக்கற மாதிரி.

கடைசியில வேற வார்த்தையெல்லாம் நின்னுருச்சு. ஜன்னல் இல்ல, தண்ணி இல்ல. பேருதான். ஒரே பேரத் திரும்பத் திரும்ப. தோங்னு எழுதுவாரு முதல்ல. அது எவ்வளவு கோடு உள்ள எழுத்து, நீங்க வெட்டினவரு, உங்களுக்குத் தெரியும். சாகற ஆளு ஒரு கோட்ட விடாம எழுதுவாரு. அப்புறம் யா. அப்புறம் மூணாவது எழுத்து. முடிச்சுட்டு ஒரு மூச்சு விடுவாரு. மறுபடியும் தோங்.

ஹைபோ கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, அப்பா என்னம்மா எழுதறாருன்னான். என் பேருடான்னு சொன்னேன்.

அவன் சுவத்துல மண்டைய வச்சு அழுதான். மருமக அழுதா. அவ சும்மா இருப்பாளா, போன்ல எழுதிப் போட்டுட்டா. அத ஊரெல்லாம் படிச்சுது. ஓ, நீங்களும் படிச்சீங்களா? அதான். பேச்சு போயும் பெண்டாட்டி பேரையே அவ கையில எழுதி எழுதி உசுர விட்ட மனுஷன். அந்த ஆளுதான் இதுல படுத்திருக்காரு. காய்கறி வாங்கப் போனா கடைக்காரி என் கையப் புடிச்சுப் பாக்கறா, கோயில் பிரசாதம் மாதிரி. இந்தக் கையிலதானா அக்காங்கறா. எங்க வீட்டுக்காரரு என் பேர குடும்ப அட்டையில கூடச் சரியா எழுத மாட்டாருங்கறா ஒருத்தி. புருஷன்மாரத் திட்டறதுக்கு எங்க வீட்டுக்காரரு பேரு உதாரணமாப் போச்சு.

அதனாலதான் பையன் கல்லுல என் பேர இவ்வளவு பெருசா வெட்டச் சொன்னான். மத்த கல்லப் பாருங்க, பெண்டாட்டி பேரு கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் சின்னதா இருக்கும். இதுல சரிசமமா, தோளோட தோளா. அப்பா ஆசைப்பட்ட பேரும்மான்னான். நீங்களும் நல்லா வெட்டினீங்க, குத்தம் சொல்லல. கல்லு நட்ட அன்னிக்கு நான் பாத்தேன், சிவப்பு ஈரமா இருந்துச்சு. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க, அழுவேன்னு. எனக்கு அழுகை வரல. அப்பா சொன்னாரே, உக்காந்துக்கிட்டுப் பாக்கும்னு, அது மட்டும்தான் தோணுச்சு.

அதுலேர்ந்துதான் ஆரம்பிச்சுது.

சொன்னா சிரிக்கக் கூடாது. ராத்திரியில ஒண்ணும் இல்ல, ராத்திரி நல்லாத் தூங்குவேன். மத்தியானம்தான். சாப்பிட்டுட்டு ஒரு கண்ணு அசருவேன்ல, வெயில் நல்லா அடிக்கும், வெளிய பழக்கடைக்காரன் கத்தறது கேக்கும். அப்ப உள்ளங்கையில விரல் வரும். காஞ்ச விரல், நகத்துக்கிட்ட ஒரு பிசிறு இருக்கும், அவரோடதுதான், எனக்குத் தெரியாதா. எழுதும். தோங். ஒரு கோடு விடாம. அப்புறம் யா. அப்புறம் நின்னுரும்.

அவ்வளவுதான். நின்னுரும். எடுக்காது. ரெண்டு எழுத்து எழுதிட்டு விரல் அப்படியே உள்ளங்கையில குத்திக்கிட்டு நிக்கும், பரீச்சையில விடை தெரியாதவன் பேனாவ வச்சுக்கிட்டு உக்காந்திருப்பானே, அப்படி. நான் மூச்ச அடக்கிக்கிட்டு இருப்பேன். எழுதித் தொலையேன்னு சொல்லிப் பாத்தேன். திட்டிப் பாத்தேன். கெஞ்சியும் பாத்தேன். எழுதாது. நான் கண்ணைத் திறந்தா போயிரும், உள்ளங்கை மட்டும் ஈரமா இருக்கும்.

காட்டினேனே, டாக்டர்கிட்டயும் காட்டினேன். ரொம்ப நாள் ஒரே எடத்துல எழுதினதால தோலுக்கு ஞாபகம் இருக்கும்னு மாத்திரை குடுத்தாரு. தின்னா நல்லா மத்தியானத் தூக்கம் வந்துச்சு, அவ்வளவுதான். பக்கத்துத் தீவுல சாமி வர்ற பொம்பளைகிட்டயும் போனேன். அவ என் கையப் புடிச்சா, உடனே விட்டுட்டா. அவரு மறக்கல, நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருக்காருன்னா. என்ன சொல்லணும்னு நான் கேக்கல. காச வச்சுட்டு வந்துட்டேன். படகுல வர்றப்ப கையைக் கோட்டுப் பையிக்குள்ளயே வச்சிருந்தேன், வெளியவே எடுக்கல.

இப்ப ரெண்டு கைக்கும் உறை போட்டுக்கிட்டுப் படுக்கறேன். உறைக்கு உள்ளயும் வருது.

கோபமா இருக்கு மேஸ்திரி, இல்லேன்னு சொல்ல மாட்டேன். நான் கஞ்சி ஊத்தி, பீ அள்ளி, கைய நீட்டிக்கிட்டு இருந்தேன். ஆனா கோபத்துல ஏறி வரல. கோபமா இருந்தா போன வருஷமே சுத்தியல எடுத்துட்டு வந்திருப்பேன். அலுத்துப் போச்சு. அந்த விரல் அங்க நிக்குது பாருங்க, அதப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. எவ்வளவு நாளு நிக்கும்.

ம், என்ன? வெட்டி எடுத்தா அந்த எடம் குழியா, அசிங்கமாத் தெரியுமா? பேர முழுசா எடுத்தா பாதிக் கல்லு மொட்டையா நிக்குமேங்கறீங்க. நியாயம்தான், நான்தான் சரியாச் சொல்லல. முழுசா எடுக்க வேண்டாம். தோங் அப்படியே இருக்கட்டும், அது குடும்பப் பேரு. யாவும் இருக்கட்டும், அது எங்க அப்பா எனக்கும் அக்காவுக்கும் பொதுவா வச்ச எழுத்து. கடைசி எழுத்து ஒண்ணு மட்டும்தான் என்னோடது. அத மட்டும் செதுக்கி, கொஞ்சம் ஆழமா எறக்கி, அந்த எடத்துல லிங்னு வெட்டிருங்க.

அவரு மூணாவதா எழுதினது அதுதான். எல்லாத் தடவையும் அதுதான். ஒவ்வொரு தடவையும் முதல் ரெண்டு எழுத்து வர்ற வரைக்கும் நான் நம்பிக்கிட்டே இருந்தேன்.

பையன் நாளைக்கு வந்து படிப்பான், படிக்கட்டும். அவனுக்கு அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியும்.

எந்த லிங்கா? அதுவும் சரிதான், அந்த ஓசைக்கு எத்தனையோ எழுத்து இருக்கே. பேனா என்கிட்ட இல்ல. உங்க கையக் குடுங்க. கொழுக்கட்டை மாவு ஒட்டியிருந்தா என்ன, தொடைச்சுக்கிட்டுக் குடுங்க. விரிச்சுப் புடிங்க. குறுக்க ஒண்ணு. அதுக்குக் கீழ ஒண்ணு. நடுவுல ஒரு இழுப்பு. அடியில மேல தூக்கினாப்ல ஒண்ணு. இப்ப இந்தப் பக்கம், கூரை மாதிரி ரெண்டு, இதோ, இப்படி வந்து, இங்க ஒரு புள்ளி. புரிஞ்சுதா? இன்னொரு தடவ எழுதட்டுமா? ம். அதான் எங்க அக்கா.

சாயம் கருப்பே பூசுங்க. அவ போயி ரொம்ப நாளாச்சு.